வெயில் வேறு, வெக்கை வேறு

பணகுடி. சித்திரை பத்து. மத்தியானம் மூன்று மணி.
பந்தலின் மேற்கு ஓரத்துக் குலையில்
ஒரு பழத்துக்குள் வெப்பமானி ஊசியைச் செருகினேன்:
நாற்பத்து நான்கு.
காற்று முப்பத்தெட்டுதான்.
இலைக்கு அடியில் தொங்கியதும் முப்பத்தெட்டு.

பன்னீர் திராட்சை, நாற்பது சென்ட்.
போன வருசம் மேற்கு ஓரம் கறுக்கவே இல்லை.
நனைந்த செங்கல் நிறத்தோடு நின்றுவிட்டது.
கோயில் கமிட்டிப் பொருளாளர் ஜெபத்துரை
ஒரு பழத்தைப் பிதுக்கி
கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்தார்.
"இராப்போசனத்துக்கு இந்த நிறம் போதாதே.
வெயில் ஜாஸ்தி. சாக்கு கட்டி மறைங்க."

கட்டினேன்.
மறைத்த குலைகள் இன்னும் வெளுத்து வந்தன,
வாயில் வைத்தால் பச்சைத் தண்டு வாசம்.
பட்டாலும் நிறமில்லை,
படாவிட்டாலும் நிறமில்லை.

ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு
கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே
யாரிடமோ சொல்கிறேன்:
"வெயில் இறங்கியும் வெக்கை இறங்கலையே."
சொன்ன வாயோடு அப்படியே நின்றேன்,
கையில் ஈரம் காயாத ஒரு பாவாடை.
வெயில் வேறு, வெக்கை வேறு.
இது என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது,
எனக்குத் தெரியவில்லை.

அதனால் இந்த வருசம்
அறுபது அடி வயர் வாங்கி
வீட்டில் இருந்த ஒரே மேசைக் காற்றாடியை
மேற்கு ஓரத்தில் ஒரு குலைக்கு எதிரே வைத்தேன்.
வெயில் முழுசாக விழட்டும்.
வெக்கையை மட்டும் எடுத்துவிடு.
ஊசி வைத்தேன்: முப்பத்தொன்பது.

வேலிக்கு அந்தப் பக்கம் சுயம்புக்கனி
சிரிப்பை அடக்கவே இல்லை.
"என்னட்டி, பழத்துக்குக் காத்தாடியா?
வேர்க்குருவுக்குப் பவுடரும் போட்டுவிடு."

அவளுக்குப் பின்னால் காவல்கிணறு வரைக்கும்
காற்றாலைகள் அசையாமல் நின்றன.
அவை சுற்றும் மாதத்துக்கு
இன்னும் முப்பது நாள் இருந்தது.

ராத்திரியும் ஓடியது.
பழத்துக்குள் இரண்டு புளிப்பு உண்டு.
ஒன்று புளியம்பழத்தில் இருக்கிற அதே புளிப்பு,
அது வெக்கைக்கு லேசில் அசையாது.
மற்றது பச்சை ஆப்பிளின் புளிப்பு.
புழுக்கமான ராத்திரியில்
பழம் அதைத்தான் எரித்து மூச்சு விடுகிறது,
விறகு தீர்ந்த வீட்டில்
நாற்காலியை உடைத்து அடுப்பில் வைக்கிற மாதிரி.
காற்றாடி அங்கே.
நான் இங்கே தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்து
அவருடைய முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட லேபில் நான் உதவியாளர்.
லீவுக்குப் பூட்டுமுன்
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு
ஒரு பியூரெட்டை எடுத்து வந்திருந்தேன்.
வைகாசி ஆறாம் தேதி
சமையல் மேடையில் மூன்று டம்ளர் சாறு.
சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.
நாக்கு இங்கேதான் ஏமாறும்.
வெந்த குலையில் புளிப்பு பாதி போயிருந்தது;
நிறமும் இல்லை.
நிழல் குலை புளித்தது, வெளுத்தது.
காற்றாடிக் குலையின் சாறு
டம்ளர் விளிம்பில் நாவல் பழக் கறையாய் ஒட்டியது.
கழுவியும் போகவில்லை.
சந்தோசத்தில் சாரங்களை எண்ண மறந்து
இரண்டாம் தடவை ஊற்றினேன். அதே கணக்கு.

ஜெபத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கைக்குட்டையை எடுத்தார், தேய்த்தார்,
வெகுநேரம் பார்த்தார்.
"எத்தனை குலை இப்படி?"
"ஒண்ணு."
"மீதி?"
மின்சார அட்டையை நீட்டினேன்.

வைகாசி பத்தில் பந்தலைக் காலி செய்தோம்.
பதினாலாம் தேதி விடியற்காலை
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக
மொத்தமாக இறங்கியது காற்று.
தகரம் பறந்தது, சுயம்புக்கனியின் சேலை
முள்வேலியில் போய் மாட்டிக்கொண்டது.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
வெறும் கொடிகளுக்கு நடுவே
பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்த காற்றாடி
தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது,
நாலு நாள் தாமதமாக.

நோட்டை எடுத்து எழுதினேன்:
அடுத்த கவாத்து, மூன்று வாரம் பிந்தி.
மேற்கு வேலியில் அகத்தி வேண்டாம்.
காற்று வரட்டும்.